மூடுபனியில் கேட்ட ஜெபம்

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த அந்த இடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மேலே இருக்கறவர்'. கிரேன் ஓட்டுகிறவர் என்பதால் வந்த பெயர். "மேலே இருக்கறவர் மனசு வெச்சாத்தான் இந்தக் கம்பி இன்னிக்கு ஏறும்" என்று யாராவது சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். விஷயம் புரிந்ததும் ஒரே சிரிப்பாக இருக்கும். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி மறுபடி சிரிப்பார். "ஆண்டவர் காதுல விழுந்துடப்போகுது. முதல்ல பேரை மாத்தச் சொல்லுங்க" என்பாள் அவள்.

அவள் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். கொஞ்ச காலம் படுத்த படுக்கையாக இருந்தாள். அப்புறம் ஒரு மத்தியான நேரத்தில், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டது போலப் போய்விட்டாள்.

தையல் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு அவருடையது. பகலெல்லாம் கீழே மெஷின்கள் கடகடவென்று ஓடும். அவர் வேலை முடித்து வரும்போது கடை மூடியிருக்கும். கதவைத் திறந்தால் வீடு அவரையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். குழாயைச் சரியாக மூடாமல் விட்டால் சொட்டுச் சத்தமாவது துணைக்கு இருக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டியை நின்றபடி தின்றுவிட்டுப் படுப்பார். தூக்கம் வராது.

கடல் தாண்டி இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "நல்லா இருக்கீங்களா?" "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்." போனை வைத்ததும் சொன்ன பொய் வாயில் கசக்கும்.

ஆலயத்துக்குப் போவதையும் மெல்ல மெல்ல விட்டிருந்தார். முதலில் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு வந்தார். அப்புறம் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து போக ஆரம்பித்தார், வாசலில் யாரும் கையைப் பிடித்து விசாரிக்கக் கூடாதே என்று. அப்புறம் வாசல் வரைக்கும் வந்து திரும்பினார். அப்புறம் அதுவும் இல்லை.

வேலையிடத்தில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி உண்டு. கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர். குரல் கனமாக இருப்பதால் அவரை எல்லாரும் 'இடி' என்றே கூப்பிடுவார்கள். இருவரும் ஒரே ஆலயம். இடி அங்கே பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். அடக்கம் நடந்த அன்று இடி அவர் தோளில் கை வைத்து, "எல்லாம் ஆண்டவரோட சித்தம்ப்பா. மனசைத் தேத்திக்கோ" என்றார். கிரேன்காரர் அந்தக் கையை எடுத்து அப்புறப்படுத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வாக்கி டாக்கியில் "தூக்கு", "இறக்கு", "நிறுத்து" தவிர இருவருக்கும் நடுவில் வேறு வார்த்தை கிடையாது.

இதற்கெல்லாம் மேலே, கொஞ்ச நாளாக அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீரில் வளையம் வளையமாகத் தெரியும். கிரேன் கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்தால் நடுக்கம் அடங்கிவிடும், அல்லது அடங்கிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டையும் விட்டால் தனக்கு என்று எதுவும் இல்லை என்று பட்டது.

அன்று காலை அவர் ஏணியில் ஏற ஆரம்பித்தபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. பாதி ஏறும்போது ஆற்றுப் பக்கமிருந்து பனி நகர்ந்து வருவது தெரிந்தது. முதலில் தூரத்துப் புகைபோக்கிகள் மறைந்தன. பிறகு சாலை, பிறகு கேன்டீன் கூரை. அவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் திரும்பியபோது உலகமே இல்லை. நாலு பக்கமும் வெள்ளை. காலுக்குக் கீழே இருந்த கண்ணாடியிலும் வெள்ளை. கிரேனின் நீண்ட கை கொஞ்ச தூரம் வரை போய் அதற்குள் கரைந்திருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. மேஸ்திரிதான். வயதில் சின்னவர், ஆனால் வாயைத் திறந்தால் அதட்டல்தான்.

"அண்ணா, இங்கே எதிர்ல நிக்கற ஆளே தெரியலை. கொக்கியை மேலே தூக்கி வெச்சிட்டு அப்படியே உட்காருங்க. ஏணி ஈரமா இருக்கும், இறங்கிடாதீங்க. பனி விலகினதும் சொல்றேன்."

"சரி மேஸ்திரி."

அவர் வாக்கி டாக்கி செட்டை இருக்கையின் ஓரத்தில் செருகினார். பக்கத்தில் சாப்பாட்டுப் பை இருந்தது. அவர் பின்னால் சாய்ந்தபோது பை சரிந்து செட்டின் பக்கவாட்டுப் பித்தான் மேல் உட்கார்ந்தது. அந்தப் பித்தானை அமுக்கினால் இங்கே பேசுவது எல்லாருக்கும் கேட்கும். அது அமுங்கியிருக்கும் வரைக்கும் அவர்கள் பேசுவது இங்கே கேட்காது. பை சரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

காற்றில் கிரேன் எப்போதும் லேசாக ஆடும். அன்றும் ஆடியது. எதையும் பார்க்க முடியாத வெள்ளைக்குள் அந்த ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. கூண்டு அவிழ்ந்து மெல்ல மிதந்து எங்கோ போய்க்கொண்டிருப்பது போல. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பல நாள் விழித்த கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

அவர் தன் வீட்டில் நின்றுகொண்டிருந்தார். வீடு பெரிதாகியிருந்தது. அறைக்கு அப்புறம் அறை, அறைக்கு அப்புறம் அறை. எல்லா அறையிலும் கொடி கட்டி, துவைத்த விரிப்புகளை உலர்த்தியிருந்தது. எல்லாம் ஈரம், எல்லாம் வெள்ளை, சோப்பு வாசனை. ஒரு விரிப்புக்குப் பின்னால் மனைவியின் நிழல் கையை உயர்த்திக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் விரிப்பை விலக்கினார். பின்னால் இன்னொரு விரிப்பு. அதையும் விலக்கினார். நிழல் அடுத்ததில் இருந்தது. அவருக்குப் பதற்றம் வரவில்லை. நேரம் நிறைய இருப்பது போலிருந்தது. "எங்கே இருக்கே?" என்று கேட்டார். அவள் வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு பேசுவது வழக்கம், வார்த்தை பாதிதான் புரியும். "என்னைத் தேடறது இருக்கட்டும். அவர்கிட்ட பேசி எவ்வளவு நாளாச்சு?" என்றாள்.

கண் விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. வெள்ளை அப்படியே இருந்தது. கூண்டுக்குள் தான் தனியாக இல்லை, முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து வெகு நேரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோக பிதாவே, இந்த நல்ல காலை வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்…" என்று ஆரம்பித்தார். ஆலயத்தில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள். இரண்டாவது வரி வரவில்லை.

"எனக்கு அப்படியெல்லாம் பேச வரலை ஆண்டவரே. சாதாரணமாவே பேசறேன்.

"நான் நல்லா இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். உமக்குத் தெரியும், இருந்தாலும் நான் வாயால சொல்லணும் இல்லையா. யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுல சுவத்தைப் பார்த்துப் பேசறேன். நேத்து சுவர்கிட்ட, 'விளக்கை அணைச்சிடவா'ன்னு கேட்டேன். கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருந்தேன். அதுதான் எனக்கு பயமாயிடுச்சு.

"அவளை எடுத்துக்கிட்டீர். சரி. உம்மோட பிள்ளை, நீர் எடுத்துக்கிட்டீர். ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோபமா இருக்கேன். கோபத்தோட உம்ம வீட்டுக்கு எப்படி வரதுன்னு வாசல்லேயே திரும்பிடறேன்.

"கை நடுங்குது ஆண்டவரே. இதோ, இந்தக் கைதான். இதைப் பார்த்துக்கிட்டே டன் கணக்குல கம்பியை ஜனங்க தலைக்கு மேல தூக்கறேன். தப்புன்னு தெரியுது. இதையும் விட்டுட்டா நான் யாரு? அந்த வீட்டுல போய் நாள் பூரா எப்படி உட்காருவேன்? கீழே இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கும். எல்லாரும் நல்லவங்க. மேஸ்திரி கத்துவாரு, ஆனா மழை வந்தா முதல்ல நம்மளைத்தான் இறங்கச் சொல்லுவாரு. கேன்டீன் தங்கச்சி அனுப்பற டீ மட்டும்… அது டீயா வெந்நீரான்னு நீர்தான் சொல்லணும். ஆனா நல்ல மனசு, அவளையும் ஆசீர்வதியும்.

"அப்புறம் இடி. அவன் என்னோட பேசணும். நானா போய்ப் பேச வரலை. அவன் அன்னிக்கு அப்படிச் சொன்னது பிடிக்கலை, ஆனா அவன் இல்லாம இன்னும் பிடிக்கலை. அவன் பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சு.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். யாராவது என்கூட உட்காரணும். அவ்வளவுதான். ஆமென்."

கீழே நடந்தது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பனியில் வேலை நின்றதால் எல்லாரும் கேன்டீனில் அடைந்திருந்தார்கள். இடுப்பிலும் மேஜையிலும் கிடந்த செட்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் அவர் குரல் வந்தது. முதலில் யாரோ சிரித்தார்கள். சுவர் விஷயம் வந்தபோது சிரிப்பு நின்றது. மேஸ்திரி எழுந்து, "இது நம்ம காதுக்கு வந்த பேச்சு இல்லை. எல்லாரும் செட்டை அணைங்க" என்றார். ஒவ்வொருவராக அணைத்தார்கள். மேஸ்திரி செட் மட்டும் விதிப்படி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதன் முன்னால் இடி நின்றுகொண்டிருந்தார், தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. அவரை நகரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மேலே, கிரேன்காரர் தண்ணீர் குடிக்கலாம் என்று பையை எடுத்தார். பித்தான் விடுபட்டது. செட்டில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைவதை அப்போதுதான் பார்த்தார். அது ஏன் எரிந்தது என்று யோசிப்பதற்குள் ஒரு கரகரப்பு. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கனத்த குரல்.

"ஆமென்."

அடுத்து ஒரு பெண் குரல், மூக்கு உறிஞ்சலோடு: "ஆமென் அண்ணா."

அதற்கப்புறம், கம்பி கட்டுகிறவர்களில் ஒருவன், ஆலயம் பக்கமே போகாதவன், தூரத்தில் நின்று யாரிடமோ கேட்டது விழுந்தது. "நாமும் சொல்லணுமா? சரி, ஆமென்."

கிரேன்காரர் செட்டை அணைத்துத் தரையில் போட்டார். உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல இருந்தது. என்னவெல்லாம் சொன்னோம் என்று நினைக்க நினைக்க மானம் போயிற்று. கை நடுங்குவது, சுவர், இடி, அந்த டீ! பனி விலகவே கூடாது, இப்படியே இந்த வெள்ளைக்குள் மிதந்து போய்விட வேண்டும் என்று முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஏணியில் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு. ஒரு படி, ஒரு இருமல். முதலில் அதையும் கனவென்றே நினைத்தார். பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலைக்கவசம் எழுந்து வந்தது. அதற்குக் கீழே சிவந்து வியர்த்த இடியின் முகம். இடி எப்போதும் தரையில் நிற்கிற ஆள். வயிறு வேறு.

"கதவைத் தொறய்யா. செத்துடுவேன் போலிருக்கு."

"ஏணி ஈரமா இருக்கு. யாரு உன்னை வரச்சொன்னது?"

"நீதான் சொன்னே. ஊரே கேட்டுச்சு."

கூண்டில் ஒருவர் உட்காரத்தான் இடம். இடி உள்ளே நெருக்கிக்கொண்டு வந்து தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து வைத்தார்.

"கேன்டீன் தங்கச்சி கொடுத்துச்சு. இன்னிக்கு டீத்தூளைப் பார்த்துப் போட்டிருக்காம். ஆண்டவர்கிட்டேயே புகார் போயிடுச்சே."

கிரேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகத் திரும்பியது. குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவியின் அடக்கத்திலும் அப்படி அழுததில்லை. இடி இந்த முறை தோளில் கை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பனி நீராக இறங்கிக்கொண்டிருந்தது.

அழுகை ஓய்ந்ததும் இடிதான் பேசினார்.

"அன்னிக்கு எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. சும்மா நிக்க பயமா இருந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் நீ பேசாம போனதும், நானும் சரிதான் போன்னு இருந்துட்டேன். தினமும் கீழே நின்னு உனக்குக் கையை ஆட்டறேன், நீ இருக்கியா போயிட்டியான்னு ஒரு நாள் கேட்கலை."

"நானும் கையை எடுத்துத் தள்ளியிருக்கக் கூடாது."

"பரவாயில்லை. கனமான கைதான்." இடி டீயை ஊற்றினார். "ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

"பெரிசா பண்ணாதே."

இடி கண்ணை மூடினார். பாடகர் குழுவில் சுவர் அதிரப் பாடுகிற குரலைச் சின்னதாக்கிக்கொண்டு சொன்னார்: "ஆண்டவரே, இவனைத் தனியா விட்டுட்டேன். இனிமே விடமாட்டேன். நீரும் விடாதேயும். ஆமென்."

இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றி டீயைக் குடித்தார்கள். கிரேன் மெல்ல ஆடியது. எங்கேயோ வெயில் ஏறியிருக்க வேண்டும். வெள்ளைக்குள் பொன்னிறம் கலந்துகொண்டு வந்தது. இடி அடித்தொண்டையில் எதையோ முனக ஆரம்பித்தார். பாட்டென்று சொல்ல முடியாது, ராகம் மட்டும். கிரேன்காரர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினார். இந்த முறை கனவு எதுவும் வரவில்லை. வெறும் தூக்கம். எழுந்தபோது பனி போயிருந்தது. ஆறு, சாலை, கூரைகள் எல்லாம் கழுவி வைத்தது போலத் துலங்கின. தரையில் இடி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும் மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்கண்ணா."

அவர் காட்டினார். மேஸ்திரி விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதட்டல் எதுவும் வரவில்லை.

"டாக்டர் எழுதிக் கொடுக்கற வரைக்கும் நீங்க மேலே ஏற வேண்டாம். என் மேல கோபப்படாதீங்க."

"நானே சொல்லியிருக்கணும்."

"வேலை போகாது. கீழே இருங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அடுத்த நாள் இடி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எடையைப் பார்த்தார், தூக்கம் பற்றிக் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் கூப்பிட்டு, கழுத்தில் இருக்கும் சுரப்பி ஒன்று தேவைக்கு மேல் வேகமாக வேலை செய்கிறது, நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் அதுதான் பெரிய காரணம் என்றார்.

"நான் அவ போன துக்கம்னு நினைச்சேன் டாக்டர்."

"அதுவும் இருக்கும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. இதுக்கு இருக்கு. ஒழுங்கா சாப்பிடணும். சும்மா விட்டிருந்தா இதயத்துக்குப் போயிருக்கும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "அந்தப் பை மட்டும் சரியலைன்னா…" என்று இடி ஆரம்பித்தார். கிரேன்காரர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தரையில் அவருக்குக் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். ரொட்டி வெட்டுவது, கப் கழுவுவது, சாமான் அறையைப் பார்த்துக்கொள்வது. முதல் நாள் கேன்டீன் தங்கச்சி அவர் முன்னால் ஒரு கப்பை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"குடிச்சுப் பாருங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணா? நேரா பெரிய இடத்துல போய்ச் சொன்னா நான் என்ன பண்றது?"

"நல்லா இருக்கும்மா."

"பொய்யா?"

"இல்லைம்மா. பொய் சொல்றதை விட்டுட்டேன்."

இத்தனை காலமும் அவர் மனிதர்களைத் தலைக்கவசத்தின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். மேலேயிருந்து பார்த்தால் மஞ்சள், நீலம், வெள்ளை என்று வட்டங்கள் நகரும். இப்போது அந்த வட்டங்களுக்குக் கீழே முகங்கள் இருந்தன. நீலத் தலைக்கவசம் பல்வலிக்காரன், சூடாக எதுவும் குடிக்கமாட்டான். ஆமென் சொல்லலாமா என்று கேட்டவன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரட்டைக் குழந்தைகள் எப்படிப் பேசிவைத்துக்கொண்டு அழுகிறார்கள் என்று கதை சொன்னான். அவர்கள் யாரும் அவருக்காகப் பரிதாபப்பட்டுப் பேசவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு உண்மை வந்ததைக் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரிடம் பாசாங்கு செய்ய அவர்களுக்குத் தேவையில்லாமல் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். நல்லா இருக்கீங்களாப்பா என்றாள்.

"இல்லைம்மா. நல்லா இல்லை. இப்பத்தான் கொஞ்சம் தேறிட்டு வரேன்."

மறுமுனையில் அவள் உடைந்துபோய் அழுதாள். "நானும் நல்லா இல்லைப்பா. அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படி வரதுன்னு தெரியாமத்தான் வராமலே இருக்கேன். நீங்க ராஜா மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தீங்க, நான் மட்டும்தான் இப்படி இருக்கேன்னு நினைச்சேன்." இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றி முதல் முறையாகப் பேசினார்கள். கடைசியில் மகள், "ஜெபம் பண்ணுங்கப்பா" என்றாள். அவர் இருக்கிற இடத்திலேயே கண்ணை மூடினார். வார்த்தை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. உடம்பில் சதை பிடித்தது. டம்ளரில் வளையங்கள் குறைந்து ஒரு நாள் தண்ணீர் அசையாமல் நின்றது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் அவர் மறுபடி ஏணியில் ஏறினார். கீழே எல்லாரும் கைதட்டினார்கள். "மேலே இருக்கறவர் மேலே போயிட்டார், இனி நமக்குக் கவலை இல்லை" என்று யாரோ செட்டில் சொல்ல, "ஒழுங்கா வேலையைப் பாருடா" என்று மேஸ்திரி அதட்டினார்.

தனிமை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சில சாயங்காலங்களில் அது பழையபடி மாடிப்படியில் அவரோடு ஏறி வந்தது. அப்போதெல்லாம் அதையும் சேர்த்து ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். சில நாள் பதிலாக மனதில் ஒரு அமைதி வரும். சில நாள் இடி வருவார், கையில் எதையாவது எடுத்துக்கொண்டு.

வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் ஏணியில் மறுபடியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மேஸ்திரி. ஒவ்வொரு படியையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி ஏறிக்கொண்டிருந்தார். உயரம் என்றால் அவருக்கு உயிர் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிரேன்காரர் கொக்கியை நிறுத்திவைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து இருக்கையின் காலைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்ணா. காலைல உள்ளே கொண்டுபோனாங்க. அந்த வராந்தால என்னால உட்கார முடியலை, வேலைக்கு வந்துட்டேன். இங்கேயும் நிக்க முடியலை." மூச்சு வாங்கினார். "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. யார்கிட்ட பேசறதுன்னே தெரியாது. ஆனா நீங்க அன்னிக்குப் பேசின மாதிரி யாராவது எனக்காகப் பேசினா பரவாயில்லைன்னு தோணுச்சு."

'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்' என்ற வார்த்தை கிரேன்காரரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். இருக்கையிலிருந்து இறங்கி, இரண்டு முழங்கால்களும் இடிக்க அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அவங்க பேரு என்ன?"

மேஸ்திரி சொன்னார்.

"ஆண்டவரே," என்றார் கிரேன்காரர், அந்தப் பெயரையும் சொல்லி. "இந்தப் பொண்ணு இப்போ மயக்கத்துல இருக்கு. அதுக்குப் பக்கத்துல யாரும் போக முடியாது, நீர் போகலாம். கூட இரும். டாக்டருங்க கையைப் பிடிச்சுக்கும். இங்கே இவர் ரொம்ப பயந்து போயிருக்கார். உயரத்துக்குப் பயப்படறவர் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கார். அதைப் பாரும். ஆமென்."

இருக்கையின் காலைப் பிடித்திருந்த மேஸ்திரியின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. சுற்றிலும் நீலம். தூரத்தில் பறவைக் கூட்டம் ஒன்று அவர்களுக்குக் கீழே பறந்து போனது.

"நான் முதல்ல இறங்கறேன்" என்றார் கிரேன்காரர். "நீங்க தரையைப் பார்க்காதீங்க, என் தொப்பியைப் பார்த்துக்கிட்டே வாங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்."

"கிரேன்?"

"இடிகிட்ட சொல்லிக்கலாம். மாத்து ஆள் இருக்கான்."

இருவரும் மெதுவாக இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி பூட்ஸைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீண்டுகொண்டே போய் எதிர்ச் சுவரில் ஏறியது. கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, கண் விழித்துவிட்டார், உங்களைத்தான் கேட்கிறார், வந்து பார்க்கலாம் என்றாள்.

மேஸ்திரி எழுந்து ஓடினார், வெறுங்காலோடு. கிரேன்காரர் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பூட்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.